மருமகளின் குரல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது கம்பெனி ஆபீஸ் வழியாக இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பேசுவதை வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை மழையைப் பற்றியும் மிக்சி ரிப்பேரானதைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தேன்.

மருமகள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கப்பலேறிய எட்டு மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பதினோரு வருடம் டிவி தொடரில் மூத்த மருமகளாக அழுதவளை ஊரே இன்னும் மருமகள் என்றுதான் கூப்பிடுகிறது. அழுத முகம் அவளுடையது, அழுத குரல் என்னுடையது. அவளுக்குக் கரகரத்த குரல் என்று முதல் வாரமே டைரக்டர் என்னை டப்பிங்குக்குக் கூப்பிட்டார். டைட்டிலில் என் பெயர் ஒருநாளும் ஓடியதில்லை. "அந்தம்மா யாரத் திட்டினாலும் என்னைத் திட்டற மாதிரியே இருக்கு" என்று டிவி முன்னாலிருந்து எழுந்து ஓடுவீர்களே, நினைவிருக்கிறதா?

நீங்கள் போன மறுமாதம் பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் நடந்தது. அந்த வீட்டுக்காரப் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு மகள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டுவிட்டது. மருமகள் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ரத்தத்தில் ஈயம், பட்டறைப் புகையிலிருந்து வருவது என்றார்கள். அதோடு அவள் விடவில்லை. அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். முப்பத்தொன்பது பேருக்கு அதே கதி.

பட்டறை முதலாளிதான் தொடருக்கு விளம்பரம் தருகிறவர். ஒரு விருது விழாவில், நேரடி ஒளிபரப்பில், மருமகள் மேடையேறி அந்த முப்பத்தொன்பது பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டாள். மறுவாரமே கதையில் அவள் மேல் லாரியை ஏற்றிக் கொன்றார்கள். சாகும்போது போடுகிற அலறலை நான்தான் கொடுத்தேன். பிறகு அவள் வீடுவீடாகப் போனாள், அரசாங்க ஆபீஸ் வாசல்களில் அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்தாள். கூட்டங்களில் அந்தக் கரகரத்த குரலில் அவள் பேசியபோது, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று ஜனங்கள் பரிதாபப்பட்டார்கள்.

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தயாரிப்பு மேனேஜர் இரண்டு பேரோடு நம் வீட்டுக்கு வந்தார். ஒருத்தர் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "சின்ன வேலைம்மா, நாலே வரி" என்று மேனேஜர் காகிதத்தை நீட்டினார். பிள்ளைகளின் ரத்தத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய், சிலர் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினேன் என்று மருமகள் ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. முடியாது என்றேன். உட்கார்ந்திருந்தவருக்குக் கோபமே வரவில்லை. "பாப்பா மூணு அம்பதுக்குத்தானே பஸ்ல இறங்குவா? ரோடு தாண்டறப்ப பாத்து வரச் சொல்லுங்க" என்றார். சுவரில் மணி மூன்றரை.

நான் பேசினேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். மறுநாள் ஸ்டுடியோவில் அந்த நாலு வரியையும் பேசிக் கொடுத்தேன். சவுண்ட் என்ஜினியர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனில் ரகசியமாகப் பதிவானது மாதிரி இரைச்சல் சேர்த்து இரண்டே நாளில் எல்லாச் சேனலிலும் போட்டார்கள்.

அந்தத் தெருப் பெண்களே அவள் மேல் பாய்ந்தார்கள். யாரோ எறிந்த கல் நெற்றியில் பட்டு மூன்று தையல். அது நான் இல்லை என்று அவள் சொன்னதற்கு, "பதினோரு வருஷமா தினம் கேட்ட குரல் எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்களாம். டப்பிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் யார் அந்த டப்பிங் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதனால் அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். "பாப்பா நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறாள் என்றேன். "அது போதும்" என்று வைத்துவிட்டாள்.

நேற்று புதன்கிழமை, பட்டறையைப் பற்றி அரசாங்க விசாரணை. பாப்பாவை உங்கள் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அக்கா அவள் ஸ்கூல் பையை வாங்கிக்கொண்டார். ஹாலில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். அந்த நாலு வரியை அதே குரலில், அதே விம்மலோடு, ஒரு எழுத்து பிசகாமல் அதிகாரி முன்னால் சொன்னேன். ஹாலே மருமகளைப் பார்த்தது. அவள் வாய் மூடியிருந்தது. பேச்சை விட்ட அந்தக் குழந்தையின் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாளோ தெரியவில்லை. நான்தான் பேசினேன், மிரட்டிப் பேச வைத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கீழே வீட்டு விலாசம் கேட்டார்கள். அதையும் எழுதினேன்.

பட்டறையைத் தற்காலிகமாகப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். மருமகள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிறுக்கி, ஏன்டி இப்படிப் பண்ணின?" என்று அழுதாள். அவள் நிஜமாக அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலையிலிருந்து தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆள் மாறுகிறான், வண்டி மாறவில்லை. இரண்டு ஸ்டுடியோவில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். போலீசில் ஒருத்தரை அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போகக்கூட மனம் வரவில்லை. எதிர் வீட்டு அம்மா வழக்கமாகக் கதவைத் திறந்து வைத்திருப்பார். இன்று சாத்தியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதீர்கள். உங்கள் கப்பல் ஒப்பந்தம் முடிந்தே வாருங்கள். வந்து இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு மட்டும் போக வேண்டாம். முதலில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொள்ளுங்கள். நான் அங்கே இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாப்பா எதிரில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

எந்தக் கடலில் இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி