பைலட் சுடரை அணைத்த சிலந்தி

பாமா,

நம் வேனில் உள்ள ஓவனுக்குள் எப்போதும் எரிய வேண்டிய குட்டிச் சுடர், அந்தப் பைலட் சுடர், இப்போது நன்றாகப் பிடிக்கிறது. நேற்று அது அணைந்ததற்குச் சிலந்திதான் காரணம் என்றேன். "நீங்க முதலையோட மல்லுக்கு நின்ன கதை மாதிரியா? நாளைக்குக் கியாக்தான் ஊருக்கு உங்க வேன்ல நான் வரல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாய்.

நீயே பற்றவைத்துப் பார். முதலில் குனிந்து மோந்து பார். இந்த கேஸ் தரையோடு படுத்துக்கொள்ளும். வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்காதே. சிலிண்டரை மூடி, கதவைத் திறந்துபோட்டு இறங்கிவிடு. வாடை இல்லையென்றால் குமிழை அழுத்திக்கொண்டே பற்றவை. சுடர் வந்ததும் கையை எடுக்காதே. உள்ளே இருக்கும் கம்பி சூடேறினால்தான் சுடர் அணையாமல் நிற்கும். என் முதலைக் கதையில் பாதியைக் கேட்கிற நேரம் பிடிக்கும்.

நான் மீன் வாங்கப் போகிறேன். மோஹிங்கா மீன் நூடுல்ஸ் மூடி வைத்திருக்கிறது, சாப்பிடு.

பி.கு.: மேசையில் இரண்டு தீப்பெட்டிகள். நூல் கட்டியதைத் திறக்காதே. கேஸ் குழாய்க்குள் வலை பின்னி அடைத்தவர் அதில் குடியிருக்கிறார்.

இன்னும் ஒன்று: திறந்துவிட்டாய், தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது. அதைக் கொண்டாடவாவது வேனில் ஏறு.

முதலையும் நிஜம்தான்.