கணவர் உயிருடன் உள்ளாரா என்ற கட்டம்

2016 மார்ச் 7
இன்று முதல் அடம்பன் வீட்டுத்திட்டக் கந்தோரின் பதிவுச் சக்கரவர்த்தி நான். முடிசூட்டு விழாவுக்கு பால் விடாத ஒரு பிளேன்ரீயும் கால் ஆடும் கதிரையும் தந்தார்கள். மென்பொருளை ரூபி என்ற கணினி மொழியில் எழுதியவள் அக்காவின் மகள் பிரஷாந்தி. விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகையாம்: எழுத்து, முழு எண், திகதி, ஓம்-இல்லை. வகை பிசகினால் கணினி சிவப்பாகச் சீறும்.
"அதோட சண்டை பிடிக்காதேங்கோ மாமா."

மார்ச் 9
வீடு கேட்டு வந்த கிழவர் அந்தோனியார் தன் பிறந்த திகதி 'புயல் அடிச்ச வருசம்' என்றார். திகதிக் கட்டம் சீறியது. மூன்று யுகம் போரிட்டுத் தோற்றேன். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு காப்பாற்றியது.

மார்ச் 15
ஜெயகௌரி வந்தாள். இரண்டு பிள்ளைகள், தகரக் கொட்டில். 'கணவர் உயிருடன் உள்ளாரா?' ஓம்-இல்லை வகை. போர் நடந்த 2008இல் வேலைக்குப் போன மனுசன் இன்னும் திரும்பவில்லை.
"என்ன போட, தங்கச்சி?"
"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் அண்ணை இப்பிடி நிக்கிறன்?"
வெறுமையாக விட்டேன். சீறியது. பின்னால் வரிசையில் முப்பது பேர். என் கண்ணுக்கு மூவாயிரம். 'இல்லை'யை அமத்த விரல் வரவில்லை. 'ஓம்' போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 4
வீடு கிடைப்பவர்களின் பட்டியல் வந்தது. ஜெயகௌரி இல்லை. கணவர் உள்ள குடும்பம் என்று புள்ளி குறைந்திருக்கிறது. என்ர விரல்தான். வேற ஆர்? ஆட்சேபிக்கப் பதினான்கு நாள்.

ஏப்ரல் 5
ஜெயகௌரியிடம் போய்ச் சொன்னேன். 'இல்லை' என்று மாற்றினால் வீடு கிடைக்கும் என்றும் சொன்னேன்.
"வீட்டுக்காக அவரை என்ர வாயால சாக்காட்டேலாது. எனக்கு இந்தக் கொட்டிலே காணும்."
கட்டத்தை வெறுமையாக விட வழியில்லையா என்று கேட்க நேரே பிரஷாந்தியிடம் போனேன்.

ஏப்ரல் 6
ரூபியில் வெறுமைக்கும் ஒரு வகை இருக்கிறதாம், பெயர் 'நில்'. அந்தக் கட்டம் அதையும் ஏற்க ஒரு வரி போதும் என்றாள் பிரஷாந்தி. "ஆனா அதுக்கு எத்தினை புள்ளி எண்டு பெரியவர்தான் சொல்லோணும் மாமா."
கந்தோர்ப் பெரியவர் அருட்பிரகாசம் ஐயாவிடம் போனேன். சபையதிரும் உரை ஒன்று வைத்திருந்தேன். "நான்தான் பிழையாப் போட்டனான்" மட்டுமே வந்தது.
"உம்மை ஆர் இந்த வேலைக்கு எடுத்தது?"
"நீங்கள்தான் ஐயா."

ஏப்ரல் 12
வெறுமைக்குத் 'தெரியாது' என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். கணவரை இழந்தவர்களுக்குள்ள அதே புள்ளி. நான் போட்ட 'ஓம்' எல்லாவற்றையும் திரும்பக் கேட்கச் சொன்னார்கள். இன்னும் நான்கு பெண்கள் 'தெரியாது' என்றார்கள்.

மே 23
ஜெயகௌரியின் வளவில் அத்திவாரம் வெட்டினார்கள். பயனாளி பெயர்ப்பலகை எழுத வந்தவன், ஆர் பேர் என்று கேட்டான்.
"ரெண்டு பேற்ற பேரையும் போடுங்கோ." ஜெயகௌரி தன் பெயரோடு கணவரின் பெயரையும் சொன்னாள்.
எழுதினான். பெயின்ற் காயும்வரை மாடு வந்து உரசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.