காவல் நிலையக் காட்சி

பிராட்டிஸ்லாவா, 1971

பிப்ரவரி 9
மதியம் முட்டைக்கோஸ் சூப், படத்தொகுப்பு மேசையிலேயே. சுரங்கத் தொழிலாளியைக் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லும் காட்சியைத் தொகுத்து முடித்துவிட்டேன். நான்கு நிமிடம். இயக்குநர் பிளாஷேய் பார்த்துவிட்டு, "வில்மா, இந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் படமே" என்றார்.

பிப்ரவரி 16
கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் படம் பார்த்தார்கள். "நம்ம போலீஸ் இப்படியா அடிக்குது?" என்றார் ஒருவர். "உங்களுக்குத் தெரியாதா, தோழர்?" என்றார் பிளாஷேய். நான்கு நிமிடத்தையும் வெட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

பிப்ரவரி 18
பிளாஷேயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டுடியோ வாசலிலேயே அடி. கீழே தள்ளி வாயில் மிதித்தார்கள். ஜன்னலில் பதினைந்து பேர் நின்றோம். ஒருவர்கூட இறங்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 24
இடது கையால் எழுதுகிறேன்.
திங்கட்கிழமை போலீஸ் கேப்டன் ஓந்த்ருஷ் என் அறைக்கு வந்தான். கத்தரியை நீட்டினான். "நீயே வெட்டிடும்மா. அவனை விட்டுடறோம்."
வெட்டியிருக்கலாம். ஏன் வெட்டவில்லை? ஜன்னலில் நின்ற வெட்கமா? முடியாதுன்னுட்டேன். கூட வந்தவன் என் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்தான். ஓந்த்ருஷ் பிலிம் டப்பாவைத் தூக்கி விளிம்பால் அடித்தான். ரெண்டு தடவை — இல்ல, மூணு. எலும்பு உடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. நான் கத்தறேன், பக்கத்து அறையில ரேடியோவைக் கூட்டி வைக்கறாங்க. பாவிங்க!

மார்ச் 2
மாவுக்கட்டு. இரண்டு விரல்கள் இனி மடங்காதாம்.

மார்ச் 11
பிளாஷேயின் மனைவி தெரேசியா வந்தாள். அவர் வீடு திரும்பிவிட்டார். முன்பற்கள் ஒன்றுகூட இல்லை.
"உன்னோட இன்னொரு கையையும் உடைப்போம்னாங்களாம். அவரே உட்கார்ந்து வெட்டிக் குடுத்துட்டார், வில்மா."
"யார் கேட்டா அவரை?" என்று கத்தினேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 17
திரையிடல். பிளாஷேயும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். தொழிலாளி காவல் நிலையத்துக்குள் நுழைகிறான். அடுத்த ஷாட்டில் சவப்பெட்டி.
எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெண், "இவன் எப்படிங்க செத்தான்?" என்று கணவனைக் கேட்டாள்.
"காய்ச்சலா இருக்கும்."
விளக்கு போட்டதும், எங்களைக் கேட்கலாம் என்று அவள் திரும்பினாள். பிளாஷேயின் வாயைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.
 கணவனின் தோளைத் தொட்டு, அவனையும் திரும்ப வைத்தாள்.