ஐந்தடி வாசல்

14 ஜூன் 1998, காக்ஸ் டவுன்

மூன்றாவது தடவையும் பிளான் திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கிறேன், சொந்த வீட்டில் ஒரு கூடத்துக்கு அப்பாவிடம் கையெழுத்து வாங்க முடியவில்லை! பழைய ஓட்டு வீட்டை ஒட்டி, பூச்சில்லாத கான்கிரீட்டும் கண்ணாடியுமாக ஒரு ஜெபக்கூடம். பழசு பழசாக, புதுசு புதுசாக.

“பூசாம விட்டா, பாதியில விட்டு ஓடிட்டாங்கன்னு பேசுவாங்க” என்றார் அப்பா. கடைசியில் அதைக்கூட ஒத்துக்கொண்டார். வாசல்தான் தகராறு. “அஞ்சடி அகலம் வேணும் சாந்தா. கேட்டுக்கு நேரா.”

எதற்கு? கார் விடவா?

16 ஜூன்

தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு சாயங்கால ஜெபம், நிச்சயதார்த்தம், சாவு எல்லாம் உள்கூடத்தில்தான். இருபது பேர் வந்தால் மூச்சு முட்டும். புதுக்கூடத்தில் நுழைந்ததும் ஒரு தடுப்புச்சுவர் வைத்தேன் - அதைச் சுற்றித் திரும்பினால்தான் கூடம் தெரியும். எனக்கு உயிர் அந்தச் சுவர். அப்பா அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார்.

21 ஜூன், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தால், அப்பா அளவு டேப்போடு உள்கூடத்து நடையில் குனிந்து நிற்கிறார். ஆறரை அடிக்கு ரெண்டடி என்று முணுமுணுக்கிறார். கட்டிலா? பீரோவா?

“ஒண்ணுமில்ல, போம்மா.”

27 ஜூன்

இன்று கத்திவிட்டேன். காரணம் சொல்லாவிட்டால் வரைய மாட்டேன் என்றேன். அப்பா சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார்.

“உங்கம்மாவ வச்ச பொட்டி அந்த நடையில திரும்பல. நிமுத்தி, நிக்க வச்சுதான் வெளிய கொண்டாந்தோம். உள்ள அவ சரிஞ்ச சத்தம் கேட்டுச்சு.”

அப்போது எனக்கு நாலு வயது. பக்கத்து வீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேனாம். அந்த நடையில் தினமும் நடக்கிறேன், ஒரு நாளாவது அளந்தேனா? நானெல்லாம் என்ன ஆர்க்கிடெக்ட்!

சுவரை அழித்துவிட்டேன்.

6 பிப்ரவரி 1999

கூடம் முடிந்தது. ஜெபத்துக்கு ஆட்கள் வருமுன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, நட்டநடுவில் மல்லாந்து படுத்தார், கால் வாசல் பக்கம். ஐயோ, பதறிப்போனேன்.

“பாக்கறேன்மா. கேட்டு வரைக்கும் தெரியுது.”

ஏனென்று தெரியாது, நானும் பக்கத்தில் படுத்தேன்.

“உனக்கென்ன அவசரம்? எந்திரி!”

சிரிப்பு வந்தது. அழுகையும்.

19 ஆகஸ்ட் 2004

ஆறு பேர் தூக்கினார்கள். எங்கேயும் சாய்க்கவில்லை. அப்பா நேராகப் போனார்.