துவைத்த பிளான்

கட்டடப் பிளான் வரையும் டிரேசிங் துணியை வேலை முடிந்ததும் துவைத்தால் கஞ்சியும் மையும் போய் நல்ல மல் துணி கிடைக்கும். வண்டன்மேட்டில் சிசிலி, கணவன் சுவக்கீன் வரைந்து முடிக்காத ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பிளானையே துவைத்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்துவிட்டாள். மறுநாள் உப்பு ஜாடிக்கடியில் அவன் சீட்டு இருந்தது.

"சிசிலி, உன்னால ஒரு மாச வேலை சாக்கடையில போச்சு. முதல்ல காகிதத்துல போட்ட பென்சில் படத்தை அடுக்களைத் தட்டுல விரிச்சிருக்கே. அதை எடுத்துட்டுப் போறேன். அதைப் பாத்துத்தான் மறுபடி வரையணும். அதுலயும் எண்ணெய்க் கறை. பிளான் கேட்டு மேஸ்திரி வந்தா நான் இல்லைன்னு சொல்லு. எனக்குச் சோறு வைக்காதே."

ஓரத்தில் இன்னொரு வரி: "சட்டை பிள்ளைக்குப் பத்தாது."

சிசிலி அதே சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"அந்தப் படத்தைக் கசக்கி எறிஞ்சது நீங்க. நீவி எடுத்து வச்சது நான். ஏலப்பாறைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். கறை போகணும்னா நீங்களே துவைச்சுக்கோங்க."