இரண்டாம் அறையில் தங்கியவர்கள்

ராத்தாவுக்கு,

காலைச் சாப்பாட்டு மேசையில் உங்கள் கல்யாணக் கோப்பைகளைத்தான் முதலில் கண்டேன். தங்க வரும் வெள்ளைக்காரருக்குக்கூட நீங்கள் அவற்றை எடுப்பதில்லை.

அறுகம்பேயில் நம் கெஸ்ட் ஹவுஸில் தங்கி, கடலைப் பார்த்துவிட்டுப் போ என்றுதானே என்னைக் கூப்பிட்டீர்கள்? இரண்டாம் அறையில் தங்கியிருந்த கல்முனைக்குடி மாமி என் கையைப் பிடித்து, "புள்ள கதைக்கமாட்டாவோ?" என்று கேட்டார்.

"இல்ல மாமி, உங்கட மகனுக்கு அதுதான் நல்லம்" என்று மச்சான் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

வெள்ளிக்கிழமை மோதிரம் போடலாம் என்று நேற்றே அவர்களிடம் சொல்லிவிட்டீர்களாம். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, உன்னைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்க விடமாட்டேன் என்றது நீங்கள்தான்.

நீங்கள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அந்த அறைக் கதவைத் தட்டினேன். எனக்கு விருப்பமில்லை என்று மாமியிடம் நானே சொன்னேன்.

தங்கச்சி