சில்லில் எழுதியிருந்த இ

இன்று காலை அப்பா படகு ஏற்றும் ட்ரெய்லரின் சில்லுகளுக்குக் காற்றடிக்கச் சொன்னார். சுற்றுலாப் படகைக் கடலில் இறக்கிய நாளிலிருந்து அது எங்கள் வளவில், வேப்பமரத்துக்குக் கீழே சும்மா நிற்கிறது. வலப்பக்கச் சில்லு பாதி மண்ணுக்குள் போய்விட்டது. தேங்காய்த் தும்பை நனைத்து டயரைத் தேய்த்தேன். சேறு கரையக் கரைய, கறுப்பு றப்பரில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு எழுத்து வெளியே வந்தது.

இ.

தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டேன், நானா. தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடி என் செருப்பை நனைத்தது. "என்ன, பேயைக் கண்டனியே?" என்று அப்பா படலையடியில் நின்று கத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லாமல்தானே இருந்தேன்.

உங்களை முதலில் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். "கிண்ணியாவில நாங்க நானா எண்டுதான் சொல்லுவம் புள்ள" என்று குரல்பதிவில் திருத்தினீர்கள். அப்போது நீங்கள் வளைகுடாவில், ஒரு பெரிய விமானக் கம்பனியின் கொட்டகையில் மெக்கானிக். நான் திருகோணமலையில், உயர்தரம் படிக்கிறேன் என்ற பெயரில் நாள் முழுக்க விமான வீடியோ பார்க்கும் பெண். போனில் விமான ரசிகர்களுக்கென்று இருந்த நம் குழுவில் பன்னிரண்டு பேர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, கனடா, எல்லாம் விமானப் பைத்தியம் பிடித்த தமிழர்கள். பதினொரு பேர் விமானத்தைப் பார்க்கிற ஆட்கள். நீங்கள் ஒருவர்தான் தொடுகிற ஆள். அதனால் உங்கள் ஒவ்வொரு செய்திக்கும் நாங்கள் துள்ளினோம். நான் கொஞ்சம் கூடவே துள்ளினேன். சீனக்குடாவில் இறங்கும் சின்ன விமானங்களைத் தவிர வேறெதையும் நான் நேரில் கண்டதில்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் எந்த மாதிரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் போனில் படித்தது.

பிறகு அந்த நோய் வந்தது. விமானங்கள் ஓடுவதைக் காட்டும் வரைபடத்தை நான் தினமும் எழும்பினவுடன் திறப்பேன். மஞ்சள் மஞ்சளாய் எறும்பு மொய்த்த மாதிரி இருந்த வானம், ஒரு கிழமைக்குள் துடைத்துவிட்ட மேசை மாதிரி ஆனது. நான் அழுதேன் என்று குழுவில் எழுதினேன். நீங்கள் சிரிக்கவில்லை. "பறக்கிறதை விட, நிக்கிற பிளேனுக்குத்தான் புள்ள வேலை கூட" என்றீர்கள்.

அந்த வேலைகளை நீங்கள் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதி வைத்தேன். எஞ்சின் வாயைத் துணியால் மூட வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாய்களுக்குள் குளவி கூடு கட்டிவிடும், அவற்றுக்கும் உறை. ஒரு பயணியும் இல்லாத விமானத்தில் ஏறி, ஒவ்வொரு கழிப்பறையாகப் போய்த் தண்ணீர் திறந்துவிட வேண்டும். கதிரைகள் எல்லாவற்றிலும் ஆட்களுக்குப் பதில் மருந்துப் பெட்டிகளை வைத்து பெல்ட்டால் கட்டி அனுப்பிய நாளில், "இண்டைக்கு எல்லாப் பயணியும் நல்ல பிள்ளைகள். ஒருத்தரும் சாப்பாடு சரியில்லை எண்டு சண்டை பிடிக்கல்ல" என்று படம் போட்டீர்கள். விமானத்தில் பரிசாரகராக இருந்த பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட்டில் காசாளராக நிற்கிறார்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் பிரிவில் பாதிப் பேரைச் சம்பளமில்லாத லீவில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் பாதிப் பேரில் நீங்கள் ஒருவர்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சில்லுக் கதை. இவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கிழமைக்கு ஒரு தரம் விமானத்தைக் கொஞ்சம் இழுத்து, சில்லைக் காற்பங்கு உருட்ட வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் கோடு போட்டார்கள். நீங்கள் சோக்கட்டியால் நான்கு பக்கமும் அ, ஆ, இ, ஈ என்று எழுதினீர்கள். இந்தக் கிழமை அ மேலே, அடுத்த கிழமை ஆ. "முதலாம் வகுப்பு டீச்சர் பாத்தா சந்தோசப்படுவா" என்று, இ மேலே நிற்கும் ஒரு டயரின் படத்தைக் குழுவில் போட்டீர்கள். கீழே ஒரு வரி: "வெளிய போடாதீங்க மக்காள், வேலை போயிடும்."

அந்த வரியை நான் வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

எனக்கு ஒரு பக்கம் இருந்தது, நானா. விமான ரசிகர்களுக்கான பக்கம். பெயர் இல்லை, முகம் இல்லை, யார் நடத்துகிறார்கள் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ரகசியம் எனக்கு ஒரு கிரீடம் மாதிரி இருந்தது. உங்கள் படத்தை இறக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். டயருக்குப் பின்னால், கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மங்கலாகத் தெரிந்தது. அதைத் தெளிவாக்க எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். விமானங்களின் பதிவு இலக்கங்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் பெருக்கல் குறி மாதிரிச் சிவப்புப் புள்ளடி. அந்த இலக்கங்கள் எனக்கு மனப்பாடம்; கம்பனி குத்தகைக்கு எடுத்திருந்த விமானங்கள் அவை. அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். அப்படியானால் அவற்றில் வேலை செய்தவர்களையும் அனுப்பப் போகிறார்கள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் என் குசினி மேசையில் இருந்தது. எழும்பி மேசையை இரண்டு தரம் சுற்றி வந்தேன். பயத்தில் இல்லை, சந்தோசத்தில்.

பலகையைப் போட்டேன். அது போதாதென்று டயரையும் போட்டேன். இ என்ற எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, "கொட்டகைக்குள் தமிழ்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி வைத்தேன். தமிழச்சியாகப் பெருமைப்பட்டேன். அந்தக் கொட்டகையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்பது அந்த வட்டத்தைக் கீறிய கைக்குத் தோன்றவே இல்லை.

பின்னேரத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நான் இந்த விமானத்தில் பரிசாரகர். என் வேலை போகப் போகிறது என்று கம்பனி இன்னும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில்தான் பார்க்கிறேன்." நான் அதற்கு அழுகிற முகம் ஒன்று போட்டுவிட்டு, எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

மூன்றாம் நாள் நீங்கள் குழுவிலிருந்து போய்விட்டீர்கள்.

சில மாதம் கழித்து அப்பாவின் படகு எஞ்சின் பழுதானது. வெள்ளைக்காரர் இல்லை, திமிங்கிலம் பார்க்கப் போக ஆள் இல்லை, படகு ட்ரெய்லரில் ஏறி வளவுக்குள் நின்றது. நின்றாலும் எஞ்சினைத் திருத்தி வைக்க வேண்டும் என்று அப்பா யாரையோ கூட்டி வந்தார். "பிளேன் திருத்தினவராம்" என்றார். படலையில் நின்று நீங்கள் பேசியதும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். நீங்களும்தான். "அட, எஞ்சின் சத்தம் கண்டுபிடிக்கிற புள்ள!" என்று சிரித்தீர்கள்.

"பிளேன் தொட்ட கையால என்ர போட்டைத் தொட்டா அது பறக்கத் தொடங்கிடுமோ தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"பறக்காது அண்ணே. தாழாமக் கிடந்தாக் காணும்."

எஞ்சினைத் திருத்திவிட்டு ட்ரெய்லரைச் சுற்றி வந்தீர்கள். "இதுவும் நிக்கிற வண்டிதானே" என்று வெள்ளைப் பெயின்ட் கேட்டு வாங்கி, சில்லில் நான்கு எழுத்தையும் எழுதினீர்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை மத்தியானம் வந்தீர்கள். அப்பா கடைக்குப் போயிருந்தார். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினீர்கள்.

"புள்ள, ஒண்டு கேட்கட்டா? கோவிக்கப்படாது."

"கேளுங்க நானா."

"லீவில போன ஆக்களை ஒவ்வொருத்தராத் திரும்பக் கூப்பிடுறாங்க. நான் மட்டும் லிஸ்டில இல்ல. படத்தை நான்தான் வெளிய குடுத்த எண்டு எழுதி வச்சு என்னை வேலையால நிப்பாட்டிட்டாங்க. போட்ட ஆள், 'இவர் தரல்ல, நான்தான் கேக்காம எடுத்துப் போட்டன்' எண்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, திரும்ப யோசிக்கலாமாம். எங்கட மேலாள் சொன்னாரு." துணியில் கையைத் துடைத்தீர்கள். "குழுவில எல்லாரையும் கேட்க வெட்கமாக் கிடக்கு. நீங்க கிட்ட இருக்கிறபடியா முதல்ல உங்களிட்டக் கேட்கிறன். அந்தப் பக்கம் நடத்துறது நீங்களா?"

"இல்ல நானா."

"ஆரெண்டு தெரியுமா?"

"தெரியாது."

"சரி புள்ள."

வழக்குப் போடுவார்கள் என்று பயந்தேன், பக்கம் போய்விடும் என்று பயந்தேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு தேடிப்பிடித்த காரணங்கள். அந்த நொடியில் எனக்குள் இருந்தது ஒன்றே ஒன்று: உங்கள் முன்னால் நான் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும். அதற்காக உங்கள் வேலையைத் தூக்கிக் கொடுத்தேன். நீங்கள் படலையைத் தாண்டிய உடனே போனை எடுத்து அந்தப் பதிவை அழித்தேன். இனி ஒருவருக்கும் தெரிய வராது. நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தீர்கள். ட்ரெய்லரை இரண்டு பேருமாகத் தள்ளுவோம். ஆ போய் இ வரும், இ போய் ஈ வரும். "இதை நானே செய்யலாமே தம்பி, நீர் ஏன் பாலம் தாண்டி வாறீர்?" என்று அப்பா கேட்டதற்கு, "சும்மா ஒரு நடை" என்றீர்கள். நான் தேத்தண்ணி கொண்டு வருவேன். அரைவாசி குடித்துவிட்டு, கோப்பையைக் கையில் வைத்தபடி ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வி கேட்பீர்கள்.

"வேற என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல நானா."

உங்களோடு வேலை செய்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை நீங்களே சொன்னீர்கள். அண்ணாந்து பார்த்து, மேகத்துக்குள் போன ஒரு சத்தத்தைக் காட்டி, "என்ன மாதிரி சொல்லுங்க பாப்பம்" என்றீர்கள். நான் சரியாகச் சொன்னேன். "கெட்டிக்காரி" என்றீர்கள்.

பிறகு ஒரு வெள்ளி நீங்கள் வரவில்லை. டெங்கு என்றார்கள். அடுத்த வெள்ளிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, நான் தனியே பஸ் ஏறிக் கிண்ணியாப் பாலம் தாண்டி உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வாசலில் நெல்லுக் கிளறிக்கொண்டு நின்றார். உள்ளே போய் இருந்தால் வாய் வராது என்று பயந்து, முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும் புள்ள" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்களிட்டக் கேட்ட அண்டைக்கு, மஃரிபு தொழுதிட்டு வந்து போனைப் பாத்தாரு. படத்தைக் காணல்ல. 'ஒரு ஆளிட்டத்தான் கேட்டன், அதுக்குள்ள அழிஞ்சிட்டு' எண்டாரு."

"அப்ப ஏன் திரும்பக் கேட்கல்ல?"

"நானும் அதைத்தான் கேட்டன். 'சின்னப் புள்ள, பயந்திட்டு, தானா வந்து சொல்லும்' எண்டாரு." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிழமைக் கிழமை இவ்வளவு தூரம் வந்தது ஒங்கட வாப்பாட சில்லை உருட்டவா எண்டு நினைச்சீங்க?"

நான் குனிந்து காலடியில் சிதறிக் கிடந்த நெல்லைப் பொறுக்கத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அவர் மன்னிச்சாரா எண்டு கேட்காதீங்க. என்னட்ட அவர் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல" என்றார். பிறகு, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து உங்கள் கம்பனிக்கு எழுதினேன். நீங்கள் கேட்ட இரண்டு வரி. இரண்டே வரிதான் வந்தது நானா, எவ்வளவு நீட்டப் பார்த்தும். நன்றி, இந்த ஊழியரின் கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று ஒரு பதில் வந்தது.

இப்போது வானம் பழையபடி மஞ்சள் எறும்புகளால் நிறைந்துவிட்டது. வெள்ளைக்காரர் வருகிறார்கள், அப்பா விடியவே படகெடுக்கிறார். அன்று எனக்கு எழுதிய அந்தப் பரிசாரகப் பெண்ணைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் பக்கத்தில் இரண்டு வருடமாக ஒன்றும் போடவில்லை. இந்த மடலைத்தான் போடப் போகிறேன். முதல் தரமாக என் பெயரோடும் முகத்தோடும்.

காற்றடித்து முடித்ததும் ட்ரெய்லரைத் தள்ளிப் பார்த்தேன். தனியாகத் தள்ள ஏலாது என்று நினைத்திருந்தேன், ஆனால் அசைந்தது. இ மெதுவாகக் கீழே இறங்க, ஈ மேலே வந்தது. வேப்பமரத்தடியில் ஒருவரும் இல்லை. அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு நிற்கும் உங்கள் குரல் மட்டும் எனக்கு அச்சொட்டாகக் கேட்டது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே.

"வேற என்ன புள்ள?"

ஒண்டு இருக்கு நானா. அந்தப் படம் நான்தான் போட்டனான்.